அடம்பங்கொடி நட நினைப்பவர்களுக்கு

கடலோரத்தில் வீடோ தோப்போ வைத்திருப்பவர்களுக்கு மணல்தான் தீராத தொல்லை. காற்றுக் காலத்தில் வாசலில் குவியும், கிணற்று மேடையை மூடும், ஒரே இரவில் வேலியடியை அரித்துவிட்டும் போகும். இதற்குப் புல்தரை போடுகிறவர்கள் உண்டு, சவுக்கு வைக்கிறவர்கள் உண்டு, செம்மண் லாரியை வரவழைத்துக் கொட்டுகிறவர்களும் உண்டு. அந்தச் செலவெல்லாம் செய்வதற்கு முன் நம் கரையிலேயே தானாகப் படர்ந்து கிடக்கும் ஒரு கொடியைப் பாருங்கள். தமிழ்நாட்டில் அடம்பங்கொடி, அடப்பங்கொடி என்கிறார்கள். ஈழத்தில் அடம்பன் கொடி. சங்கப் பாடல்களில் நெய்தல் நிலத்தோடு சேர்ந்தே வரும் அடும்பும் இதுதான்.

அடையாளம் காண்பது எளிது. இலை தடிப்பாக, வழுவழுப்பாக, ஆட்டுக் குளம்பு மாதிரி நுனியில் இரண்டாகப் பிளந்திருக்கும். பூ ஊதா கலந்த இளஞ்சிவப்பு, புனல் வடிவம், உள்ளே தொண்டைப் பகுதியில் நிறம் அடர்ந்திருக்கும். காலையில் விரிந்து, வெயில் ஏறி மதியம் தாண்டியதும் சுருங்கிவிடும். தண்டைக் கிள்ளினால் பால் வரும். சர்க்கரைவள்ளிக் கிழங்கின் குடும்பம், ஆனால் கிழங்கு வைக்காது. அருகிலேயே படரும் கடற்கரை அவரைக்கொடியோடு குழம்ப வேண்டாம்: அதற்கு ஒரு காம்பில் மூன்று இலைகள் இருக்கும். அடம்புக்குக் காம்புக்கு ஓர் இலைதான்.

பல்லாண்டு வாழும் கொடி இது. முழங்கால் உயரம்கூட எழாது, ஆனால் தரையோடு தரையாகப் பத்து மீட்டருக்கு மேல் ஓடும். ஓடும் வழியில் கணுவுக்குக் கணு வேர் விடும். ஒரு கொடியை மெல்லத் தூக்கிப் பார்த்தால் தெரியும்: கணுவின் அடியில் வெள்ளை வேர்கள் கொத்தாக ஈர மணலுக்குள் இறங்கியிருக்கும், அடுத்த கணு, அடுத்த கொத்து. தாய்ச்செடியின் ஆணிவேர் இன்னும் ஆழத்தில் இருக்கும். நடுவில் கொடி அறுந்தாலும் இரண்டு துண்டும் தனித்தனிச் செடியாகப் பிழைத்துக்கொள்வது இந்தக் கணு வேர்களால்தான்.

மணல் பிடிக்கும் வித்தையும் இங்கேதான் இருக்கிறது. தரையை ஒட்டி மணலை உருட்டிக்கொண்டு வரும் காற்று, இலைகளில் மோதியதும் வேகம் குறைகிறது. சுமந்து வந்த மணலை அங்கேயே போட்டுவிடுகிறது. கொடியைச் சுற்றி ஒரு சிறு மேடு எழும்புகிறது. வேறு செடியாக இருந்தால் மூடுண்டு செத்துப்போகும். அடம்போ மணலுக்கு மேலே தலையை நீட்டி, புதைந்த தண்டிலிருந்து புதிதாக வேர் விட்டு, அந்த மேட்டையும் கட்டிவிடுகிறது. மறுபடி மணல் வரும், மறுபடி ஏறும். இப்படித்தான் கடலுக்கும் ஊருக்கும் நடுவே மணல்மேடு உருவாகிறது. மணல் குறைந்து கடல் அரிக்கும் காலத்தில் அலை தின்பதற்கு அந்த மேட்டில் மணல் சேமிப்பு இருக்கும். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையின்போது மணல்மேடு குலையாமல் இருந்த இடங்களில், அதன் பின்னால் இருந்த குடியிருப்புகளுக்குச் சேதம் குறைவாக இருந்ததை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். மத்திய அரசின் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கைகள் 2011-லும் 2019-லும் மணல்மேடுகளை அதிகப் பாதுகாப்பு தர வேண்டிய முதல் வகையில் வைத்திருக்கின்றன.

ஒன்றையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். துறைமுகச் சுவர் மணல் வரத்தை மறித்துவிட்ட கரையில் இந்தக் கொடி எதையும் செய்யாது. புதுச்சேரியில் 1980-களின் கடைசியில் துறைமுகத் தடுப்புச் சுவர்கள் எழுந்த பிறகு நகருக்கு முன்னால் இருந்த மணற்கரை கரைந்துபோனதை எல்லோரும் அறிவார்கள். வரும் மணலைத்தான் கொடியால் பிடிக்க முடியும். வராத மணலை அது எங்கிருந்து கொண்டுவரும்?

இனி நடவு. தண்டுத் துண்டு வைப்பதுதான் விரைவான வழி. நன்கு முற்றிய, ஆனால் காய்ந்து போகாத கொடியிலிருந்து ஒன்றரை அடி நீளத்துக்கு, நாலைந்து கணுவாவது இருக்கும்படி வெட்டிக்கொள்ளுங்கள். நுனித் தளிரை மட்டும் கிள்ளி வந்தால் வாடிப்போகும். கரையிலிருந்து எடுக்கும்போது கடலைப் பார்த்த முன்விளிம்பில் கைவைக்காதீர்கள். காற்றை நேரே எதிர்த்து நிற்பது அந்தப் பகுதிதான். நிலப் பக்கம் அடர்ந்து கிடக்கும் இடத்தில், ஒரே கொடியில் அல்லாமல் பல கொடிகளிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுங்கள். வெட்டிய துண்டுகளை ஈரச் சாக்கில் சுற்றி நிழலில் வைத்திருந்து அன்றே நட்டுவிடுவது நல்லது.

மேல் மணலைக் கையால் விலக்கினால் சில அங்குலத்துக்குக் கீழே நிறம் மாறி ஈரம் தெரியும். துண்டின் இரண்டு மூன்று கணுக்கள் அந்த ஈரத்தில் இருக்க வேண்டும். செங்குத்தாகக் குத்தாமல் சாய்த்துப் படுக்கவைத்து, நுனியும் ஒன்றிரண்டு இலைகளும் மட்டும் வெளியே தெரிய மூடி, காலால் மெல்ல அழுத்திவிடுங்கள். மேல் மணலில் நட்டால் காற்றே பிடுங்கிக்கொண்டு போய்விடும். நடவு பாழாவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

இடைவெளியைப் பற்றி யாழ்ப்பாணத்தார் அடிக்கடி சொல்லும் பழமொழியே வழி காட்டுகிறது: அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு. நூறு அடிக்கு ஒன்று என்று தூவினாற்போல நட்டால் ஒன்றும் நிற்காது. இடத்தைச் சுருக்கிக்கொண்டு, இரண்டு இரண்டரை அடிக்கு ஒரு துண்டாக, வரிசைக்கு வரிசை மாற்றி மாற்றி நடுங்கள். ஒரு திட்டு திரண்டுவிட்டால் மிச்சத்தை அதுவே படர்ந்து பார்த்துக்கொள்ளும். முதல் பருவத்தில் காற்று வரும் பக்கம் தென்னை மட்டையோ பனையோலையோ வைத்து முழங்கால் உயரத்துக்கு ஒரு தடுப்பு கட்டினால் நல்ல பலன் உண்டு. தடுப்பு இடைவெளி விட்டு இருக்க வேண்டும். அடைத்துக் கட்டினால் காற்று சுழன்று அடியிலேயே மணலைப் பறிக்கும்.

சோழமண்டலக் கரையில் புரட்டாசிக் கடைசியும் ஐப்பசித் தொடக்கமும் நடவுக்கு ஏற்ற காலம். மழை வேர் பிடிக்க உதவும். ஆனால் கார்த்திகையில் கடல் ஏறி வந்து போகும் பகுதியில் நட்டால் மொத்தமும் போய்விடும். உப்புக் காற்றையும் தெறிக்கும் உப்பு நீரையும் தாங்குகிற கொடிதான். கடல்நீர் தேங்கி நிற்பதை மட்டும் அது தாங்காது. முந்தைய புயலின்போது அலை எதுவரை வந்து குப்பை ஒதுக்கியது என்று ஊர்க்காரர்களைக் கேட்டு, அந்தக் கோட்டுக்கு மேலே தொடங்குங்கள். தென்மேற்குப் பருவமழை பெறும் குமரி மாவட்டத்து மேற்குக் கரையில் வைகாசி, ஆனியில் நடலாம்.

விதையில் வளர்ப்பது மெதுவான வேலை, ஆனால் கரைக் கொடியை வெட்டாமல் செய்யலாம். காய் உருண்டையாக, முற்றினால் பழுப்பாகிக் காகிதம் போல் உலர்ந்து வெடிக்கும். உள்ளே பெரும்பாலும் நான்கு விதைகள். விதை மேல் பழுப்பு நிறத்தில் குட்டை முடி, விரலால் தடவினால் வெல்வெட்டுத் துணி. அந்த ஓடு மிகக் கடினம். தண்ணீரை உள்ளே விடாது. அதனால்தான் விதை மாதக்கணக்கில் கடலில் மிதந்து இன்னொரு கரையில் ஒதுங்கி முளைக்கிறது. உலகின் வெப்பக் கரைகள் அத்தனையிலும் இந்தக் கொடி பரவியது இப்படித்தான். நமக்கு அந்த ஓடுதான் தடை. அப்படியே புதைத்தால் எப்போது முளைக்கும் என்று சொல்ல முடியாது. எனவே விதையின் தழும்புக்கு எதிர்ப்பக்கம் அரத்தாலோ உப்புத்தாளாலோ தேய்த்து, உள்ளே வெளிர்நிறம் தெரிந்ததும் நிறுத்துங்கள். இரவு முழுக்கத் தண்ணீரில் போட்டால் காலையில் ஊதிப் பெருத்திருக்கும். பெருக்காததை இன்னொரு முறை தேய்த்து ஊறவையுங்கள். ஊசித் துளை இருக்கும் விதைகளை எடுத்தவுடனேயே கழித்துவிடுங்கள். வண்டு உள்ளே தின்று முடித்திருக்கும்.

ஊறிய விதையை ஓர் அங்குல ஆழத்தில், மணல் மிகுந்த நாற்றுப் பையில் போடுங்கள். முதலில் வரும் விதையிலைகளும் ஆழமாகப் பிளந்து இரட்டைச் சிறகாகத் தெரியும்; களை என்று பிடுங்கிவிடாதீர்கள். ஆணிவேர் வேகமாக இறங்குவதால் பை ஆழமாக இருக்கட்டும். நாலைந்து இலை வந்ததும் வேரைக் கலைக்காமல் மண்ணோடு எடுத்து நடுங்கள்.

வீட்டில் வைக்க விரும்புகிறவர்களுக்கு இரண்டே நிபந்தனை: நாள் முழுக்க வெயில், நீர் தேங்காத மண். ஆற்று மணலோடு கொஞ்சம் தோட்ட மண் கலந்தால் போதும். தொழுவுரம், யூரியா எதுவும் வேண்டாம். ஊட்டம் கூடினால் இலை தழைக்கும், பூ குறையும். நட்ட முதல் இரண்டு மூன்று வாரம் ஒரு நாள் விட்டு ஒரு நாள் தண்ணீர். வேர் பிடித்துத் தளிர் விட்டதும் கோடையில் மட்டும் எப்போதாவது. உச்சி வெயிலில் இலைகள் நடுநரம்பை ஒட்டி மடிந்து நிமிர்ந்து நிற்கும். அதைப் பார்த்துத் தண்ணீர்க் குழாயைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டாம். வெயிலைக் குறைத்து வாங்கிக்கொள்ள அது செய்யும் ஏற்பாடு அது, சாயங்காலம் விரிந்துவிடும். காம்பு இலையோடு சேரும் இடத்தில் எறும்பு மொய்த்தாலும் மருந்து அடிக்காதீர்கள். அங்கே தேன் சுரக்கும் சிறு சுரப்பிகள் இருக்கின்றன. எறும்புகள் அதற்குத்தான் வருகின்றன. நிழலிலும் ஈரத்திலும் வைத்தால் இலையின் அடியில் வெள்ளைக் கொப்புளங்களாக ஒரு பூஞ்சண நோய் வரலாம். அந்த இலைகளைக் கிள்ளி எரித்துவிட்டு, காற்றும் வெயிலும் படும்படி செய்தால் சரியாகும். தோட்டத்தில் எல்லை தாண்டி ஓடும் கொடியை ஆண்டுக்கு ஒருமுறை வெட்டி ஒதுக்குங்கள். வெட்டியதை அங்கேயே போட்டால் அங்கேயும் முளைக்கும்.

இது கீரையும் அல்ல. வள்ளிக் குடும்பம் என்று நம்பிச் சமைக்க வேண்டாம். சொறிமீன் பட்ட இடத்தில் இதன் இலையைக் கசக்கி வைக்கும் வழக்கம் பல நாட்டுக் கரைகளில் உண்டு. தாய்லாந்தில் இதன் சாற்றை ஆய்வுக்கூடத்திலும் சோதித்திருக்கிறார்கள். ஆனாலும் சொறிமீன் பட்டு மூச்சுத் திணறலோ நெஞ்சு வலியோ வந்தால் இலையைத் தேடிக்கொண்டிருக்காமல் மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும்.

பொதுக் கரையில் நடுவதாக இருந்தால் முதலில் மீனவர் ஊர்ப் பஞ்சாயத்தாரிடமும் வனத்துறையிடமும் பேசுங்கள். கரைவலை இழுக்கும் இடம், படகு ஏற்றும் இடம், வலை உலர்த்தும் இடம் எல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். அவற்றை விட்டுவிட்டே நட வேண்டும். அடுத்தது ஆமை. சென்னைக் கரையில் ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமைகள் முட்டையிட வருகின்றன. அந்த முட்டைகளைக் காக்க மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பினர் 1988 முதல் இரவு இரவாக நடக்கிறார்கள். கொடியின் வேர் முட்டைக் குழிக்குள் புகுந்தால் குஞ்சு பொரிப்பது குறையும் என்று கரீபியக் கடலின் செயின்ட் குரோய் தீவில், வேறொரு கடலாமை இனத்தில் ஆராய்ந்து கண்டிருக்கிறார்கள். அதனால் அலைக்கு நெருங்கிய வெற்று மணலை வெறுமையாகவே விடுங்கள். கொடிக்கு உரிய இடம் அதற்குப் பின்னால்தான்.

நட்ட கொடியைக் கொல்வது வறட்சியோ உப்போ அல்ல. மிதிக்கிற கால்களும், மணலில் ஓட்டுகிற ஜீப்பும், கரையைச் ‘சுத்தம்’ செய்கிறோம் என்று குப்பையோடு கொடியையும் வாரிக்கொண்டு போகும் இயந்திரமும்தான். குப்பையைக் கையால் பொறுக்கலாம், கொடி குப்பையல்ல. சவுக்கை அடர்த்தியாக வைத்த இடங்களில் நிழலும் உதிர்ந்த சருகும் சேர்ந்து அடம்பை இல்லாமலாக்கிவிடுகின்றன. காற்றைத் தடுக்கச் சவுக்கு வேண்டுமென்றால் மேட்டுக்குப் பின்னால் தள்ளி வைக்கட்டும். மேட்டின் மேல் வேண்டாம். அங்கே அடம்போடு இராவணன் மீசையும் எழுத்தாணிப் பூண்டும் கலந்து வளர்வதே சரி.

ஆள் நடக்க ஒரே ஒரு பாதையை மட்டும், கடலுக்கு நேராக அல்லாமல் சற்று வளைத்து விட்டு, மற்ற இடத்தைக் கயிறு கட்டி மறித்து இரண்டு மழைக்காலம் தொடாமல் விடுங்கள். இந்த ஐப்பசிக்கு நட நினைப்பவர்கள் துண்டு வெட்டப் போவதற்கு முன் அந்தக் கயிற்றுக்கும் கம்புக்கும் ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.