45 வயதில் பொக்கை வாய்!

பல் டாக்டர்களுக்குப் பட்டம் வாங்கியதோடு படிப்பு முடிந்துவிடாது. தொழில் நடத்தும்போதும் மறுபயிற்சி வகுப்புகளுக்குப் போகவேண்டும். அந்த வகுப்புகளில் படிக்கிற ஈறு நோய்ப் பாடத்தில், இலங்கைத் தேயிலைத் தோட்டத் தமிழர்களுக்குப் பெரும் பங்கு உண்டு. இது பலருக்குத் தெரியாது.

டாக்டர் ஹரால்டு லோ நார்வே நாட்டுக்காரர். டென்மார்க்கில் அவர் நடத்திய ஒரு சோதனை 1965-ல் வெளியாயிற்று. 12 பேர் பல் துலக்குவதை நிறுத்தினார்கள். மூன்று வாரத்துக்குள் அத்தனை பேருக்கும் ஈறு வீங்கிவிட்டது. மறுபடி துலக்கியதும் சரியாயிற்று. பல்லில் படியும் கிருமிப் படலமே குற்றவாளி என்பது ருசுவாயிற்று.

சரி, ஆண்டுக்கணக்கில் துலக்காவிட்டால் என்ன ஆகும்? மாணவர்களை வைத்து அதைச் சோதிக்க முடியுமா?

480 பேர்

1970-ல் அவருடைய குழு இலங்கையில் இரண்டு தேயிலைத் தோட்டங்களுக்குப் போனது. 480 ஆண் தொழிலாளர்களைப் பரிசோதித்தது. வயது 14 முதல் 31 வரை. பிரஷ், பற்பசை வழக்கம் அவர்களுக்கு இல்லை. வாய் நிறையப் பற்காரை. ஆனால், சொத்தைப் பல் அநேகமாக இல்லை! ஆகவே, பல் விழுந்தால் அது ஈறு நோயால்தான் என்று சொல்ல முடிந்தது.

15 ஆண்டுகள் கணக்கு எடுத்தார்கள். மூன்று ரகம் தெரிந்தது.

நூற்றுக்கு 8 பேருக்கு நோய் காட்டுத் தீ. 35 வயதில் 12 பற்கள் போயின, 40-ல் 20, 45-ல் ஒன்றும் மிச்சமில்லை. 81 பேருக்கு நோய் நிதானமாக நடந்தது. 45 வயதில் 7 பற்கள் நஷ்டம். மீதி 11 பேர்தான் அதிசயம். அதே அழுக்கு, அதே காரை, அதே வீக்கம். பல் மட்டும் ஆடவில்லை!

ஈறு வீங்கியவர் எல்லோரும் பல்லை இழப்பார் என்ற பழைய எண்ணம் இதனால் அடிபட்டது. அந்த 8 பேரை இளமையிலேயே கண்டுபிடிப்பதுதான் டாக்டரின் வேலை என்று ஆயிற்று.

கம்பி சொல்லும் சேதி

அதற்குப் பெரிய யந்திரம் வேண்டாம். மில்லிமீட்டர் கோடு போட்ட மெல்லிய கம்பி போதும். பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே விட்டு ஆழம் பார்ப்பார்கள். 3 மில்லிமீட்டர் வரை பயமில்லை. அதற்கு மேல் போனால் ஈறுக்கு அடியில் வேரைச் சுத்தம் செய்யவேண்டும். புகை பிடிப்பவரையும் நீரிழிவுக்காரரையும் கூடுதலாகக் கவனிக்கவேண்டும்.

ஆனால், கம்பி ரத்தத்தில் தோய்கிறதே! 8 பேரைத் தேடி 100 வாய்க்குள் போகும் கம்பி, ஒருவர் நோயை இன்னொருவருக்குக் கொடுத்துவிடலாகாது. ஸ்பிரிட்டில் முக்கினால் போதாது. நன்றாகக் கழுவி, ஆட்டோகிளேவ் என்னும் நீராவிக் கருவியில் வைக்கவேண்டும். வகுப்பில் இதுவும் பாடம்.

தோட்டத்துக்காரர்கள் கொடுத்த விலையையும் சொல்லவேண்டும். நோய் எப்படி வளர்கிறது என்று பார்ப்பதே ஆராய்ச்சியின் நோக்கம். ஆகவே, அது வளர்ந்தது. உலகம் பாடம் படித்தது. அவர்கள் பல்லை இழந்தார்கள்.

2010-ல் வேறொரு குழு மீண்டும் தேடிப் போனது. 480 பேரில் 75 பேரைத்தான் பரிசோதிக்க முடிந்தது. 40 ஆண்டில் ஒரு பல்லும் இழக்காதவரும் அவர்களில் உண்டு. 28 பற்களை இழந்தவரும் உண்டு.