நரம்பு எடுத்த பல்லும் மாத்திரைப் பொட்டலமும்

ரூட் கெனல் முடிந்த மறுநாள் பல் விண்விண் என்று தெறித்தால், கிருமி இன்னும் சாகவில்லை என்று முடிவு கட்டுவது பெரும்பாலும் தவறு. நரம்பை எடுக்கும்போது வேர் நுனிக்கு வெளியே உள்ள சதை புண்படுகிறது. துகள்கள் அங்கே தள்ளப்படுவதும் உண்டு. பல ஆய்வுகளை 2011-இல் தொகுத்துப் பார்த்தபோது, சிகிச்சை முடிந்த 24 மணி நேரத்தில் 100 பேரில் 40 பேருக்கு வலி இருந்தது. ஒரு வாரத்தில் 11 ஆக இறங்கியது. இதற்கு எண்டிபயோதிக் கேட்டு வாங்கிப் பயனில்லை. ரத்தத்தில் கலந்து போகிற மருந்து, ரத்த ஓட்டமே அற்ற பல்லுக்குள் எப்படி நுழையும்? சபாக் பெர்ணம் தோட்டத்திலிருந்து ஒருவர் மறுபடி வருவது சிரமம் என்று முன்கூட்டியே கொடுத்தனுப்பும் மருத்துவரின் நியாயம் புரிகிறது. ஆனாலும் வலியை அது குறைப்பதில்லை. காய்ச்சல், கழுத்துப் பக்கம் பரவும் வீக்கம், வாய் திறக்க முடியாமை இருந்தால் அது வேறு. அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

வலியைக் குறைப்பது இபுபுரோஃபெனும் பாராசிட்டமோலும். இரண்டும் சேர்ந்தால் தனித்தனியாக எடுப்பதைவிட நன்றாகக் கேட்கும். என் கவலை இங்கேதான் தொடங்குகிறது. மலேசியாவின் 2019 தேசியச் சுகாதார ஆய்வில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர், இந்தியர்களில் 31.4 விழுக்காடு. இபுபுரோஃபென் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தைக் குறைக்கக்கூடியது. இரண்டு மூன்று நாள் மாத்திரை என்ன செய்துவிடும் என்று கேட்கலாம். நல்ல சிறுநீரகத்தை அநேகமாக ஒன்றும் செய்யாது. ஆனால் இனிப்பு நீர் சிறுநீரகத்தை அரிப்பது தொடக்கத்தில் வெளியே தெரியாது. அப்படித் தெரியாமலே சிறுநீரகம் பழுதான ஒருவர் ரத்தக் கொதிப்பு மாத்திரையும் நீர் போகும் மாத்திரையும் எடுத்துக்கொண்டு, கோலசிலாங்கூர் வெயிலில் செம்பனைக் குலை வெட்டி வியர்த்து நிற்கிறார் என்றால் கணக்கே மாறிவிடுகிறது. பல் மருத்துவர் கேட்க மாட்டாரா? கேட்பார். பல்லுக்கும் சர்க்கரைக்கும் என்ன சம்பந்தம் என்று நினைப்பவர் ‘நோய் ஒன்றுமில்லை’ என்றே சொல்லிவிடுகிறார். இனிப்பு நீர் கிளினிக் புத்தகத்தைப் பல் மருத்துவரிடம் நீட்டினால் போதும். சிறுநீரகம் பழுதானவருக்கு அவர் பாராசிட்டமோலோடு நிறுத்திக்கொண்டு, பல்லைத் திறந்து அழுத்தத்தை இறக்கியோ, கடிக்கும் உயரத்தைக் குறைத்தோ வலியைத் தணிக்க முடியும். இன்னொரு ஆபத்து மாத்திரைப் பொட்டலத்தில் இருக்கிறது. பல் கிளினிக்கில் புரூஃபென் (இபுபுரோஃபென்தான்), மூட்டுவலிக்கு வேறு கிளினிக்கில் போன்ஸ்தான் என்று இரண்டு பெயர்களில் வரும்போது, இரண்டும் ஒரே குடும்பத்து மருந்துதான் என்று யாரும் சொல்லாததால், இரண்டையும் சேர்த்தே விழுங்குகிறார்கள்.