சொந்த வீடும் அழகிய கடனும்



நமது அறக்கட்டளைக்கு வரும் மனுக்களில் வீடு சம்பந்தப்பட்டவை அதிகம். ஒருவருக்குக் கூரை ஒழுகுகிறது. ஒருவருக்கு வாடகை அட்வான்ஸ் குறைகிறது. இன்னொருவர், பாதியில் நின்ற வீட்டை முடிக்க வெளியில் வட்டிக்கு வாங்கி, இப்போது அந்த வீட்டையே விற்கும் நிலையில் வந்து நிற்கிறார்.

ஒரு சின்னக் கணக்குப் பாருங்கள். 1 லட்சம் ரூபாயை மூன்று வட்டிக்கு வாங்கினால் மாதம் 3,000 ரூபாய் கட்ட வேண்டும். 40 மாதத்தில் 1,20,000 ரூபாய் கட்டியிருப்பார். அசல் 1 லட்சம் அப்படியே நிற்கும். அதே தொகையை 'கர்ளன் ஹஸனா' எனும் அழகிய கடனாகப் பெற்று, மாதம் 2,500 ரூபாய் திருப்பினால், அதே 40 மாதத்தில் கடனே இருக்காது. வட்டி ஹராம் என்பதோடு, அது குடும்பத்தை எப்படி அரிக்கிறது என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள்.

இந்தக் கடன் நிதி சந்தாவிலும் நன்கொடையிலும் சேர்வது. ஜகாத் கணக்கு தனி; அது உரியவருக்கே சொந்தமாகக் கொடுக்கப்படுவது. அத்தவ்பா அத்தியாயத்தின் 60ஆம் வசனம் கூறும் எட்டு வகையினரில் கடனாளிகளும் உண்டு. ஆகவே, அடைக்கவே வழியில்லாதவர் கடன் மனுவுக்குப் பதிலாக ஜகாத் மனு தரலாம். வசதியுள்ளவர் தவணையைத் தாமதித்தால், வரிசையில் நிற்கும் அடுத்த குடும்பத்தின் கூரைதான் தாமதமாகிறது. உண்மையிலேயே சிரமப்படுபவர் வெட்கப்படாமல் வந்து அவகாசம் கேட்கலாம். அவகாசம் கொடுக்கும்படி மார்க்கமே சொல்கிறது.

வீடோ மனையோ வாங்குவோர் முன்பணம் கொடுப்பதற்கு முன் தாய்ப்பத்திரம், பட்டா, 30 வருட வில்லங்கச் சான்று ஆகிய மூன்றையும் பாருங்கள். வில்லங்கச் சான்றில் பதிவான விவரங்கள் மட்டுமே வரும். பதியாத ஒப்பந்தங்கள் அதில் தெரியாது, அக்கம்பக்கத்திலும் விசாரியுங்கள். வாய்மொழி ஹிபா நமது சட்டப்படி செல்லும் என்றாலும், சாட்சிகள் மறைந்த பிறகு பிள்ளைகளுக்குள் வழக்கு வருகிறது. எழுதிப் பதிந்து வைப்பதே நல்லது. தமிழ்நாட்டில் 2025 ஏப்ரல் 1 முதல், 10 லட்சம் ரூபாய் வரையிலான சொத்தைப் பெண்கள் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைகிறது. மனைவி பெயரிலோ மகள் பெயரிலோ வாங்க நினைப்போர் இதைப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

கடைசியாக ஒன்று. கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கச் சொல்லும் வசனமே திருக்குர்ஆனில் மிக நீளமானது. மய்யித்தின் கடனை அடைத்த பிறகே வாரிசுகள் பங்கு பிரிக்க முடியும். யாருக்கு எவ்வளவு தர வேண்டும், யாரிடமிருந்து வர வேண்டும் என்பதை ஒரு நோட்டில் எழுதி, அது இருக்கும் இடத்தை வீட்டாருக்குச் சொல்லி வையுங்கள். இதற்கு ஒரு பைசாவும் செலவில்லை. இன்று இஷாவுக்குப் பிறகே தொடங்கலாம்.

அல்லாஹ் நம் இல்லங்களில் பரக்கத் செய்வானாக, ஆமீன். வஸ்ஸலாம்.

செயலாளர்