ஞாபக சக்திக்கு லேகியம் இருக்கிறதா?

பரீட்சை நெருங்கினால் போதும், ஊத்துக்கோட்டையில் என்னிடம் வரும் தாய்மார்கள் பலரும் ஒரே மருந்தைத்தான் கேட்கிறார்கள். "புள்ள விடிய விடிய படிக்கிறான் ஐயா. பரீட்சை ஹாலுக்குப் போனா எல்லாம் மறந்துடுதாம். ஞாபக சக்திக்கு லேகியமா ஏதாவது குடுங்க!"

வல்லாரையை மூளைக்கு உகந்த மூலிகையாகச் சித்த மருத்துவம் போற்றுகிறது. கீரையாகச் சமைத்துக் கொடுங்கள், தப்பில்லை. ஆனால் படிக்கும் முறை தவறாக இருந்தால் வல்லாரை என்ன செய்யும் பாவம்?

மறதி நோயல்ல

ஜெர்மனியைச் சேர்ந்த எபிங்ஹாஸ் என்ற மனோதத்துவ அறிஞர், அர்த்தமில்லாத அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து, எவ்வளவு சீக்கிரம் மறக்கிறது என்று கணக்கெடுத்தார். 1885-ல் அதைப் புத்தகமாக வெளியிட்டார். படித்ததில் பெரும்பகுதி ஒரே நாளில் நழுவிவிடுகிறது. இடைவெளி விட்டு மறுபடி படித்தால் நிலைக்கிறது என்பது அவர் கண்டது. ஆகவே ஒரே ராத்திரியில் ஐந்து மணி நேரம் படிப்பதைவிட, ஐந்து நாட்கள் ஒவ்வொரு மணி நேரம் படிப்பது மேல். செடிக்குத் தினமும் தண்ணீர் ஊற்றுகிறோமே, அதே கணக்குதான்.

புத்தகத்தை மூடுங்கள்

2006-ல் அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக் என்ற இருவர் கல்லூரி மாணவர்களிடம் ஒரு சோதனை நடத்தினார்கள். சிலர் பாடத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தார்கள். மற்றவர்கள் ஒருமுறை வாசித்துவிட்டு, பார்க்காமல் நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடத்தில் கேட்டபோது வாசித்தவர்களே முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது, எழுதிப் பார்த்தவர்கள் ஜெயித்தார்கள்! "நேத்து நல்லாத்தானே ஒப்பிச்சான்" என்று நீங்கள் அங்கலாய்ப்பதன் ரகசியம் இதுதான். கண்ணுக்குப் பழகியது வேறு, மனதில் பதிந்தது வேறு.

இன்னொருவருக்குச் சொல்லிக் கொடுப்பதும் இதே பலனைத் தரும். இது நம் மண்ணுக்குப் புதிதல்ல. 1789-ல் சென்னை எழும்பூரில் அநாதைச் சிறுவர் பள்ளியின் பொறுப்பை ஏற்ற ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், நம் ஊர்ப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைப் பார்த்தார். அதைத் தம் பள்ளியிலும் கொண்டுவந்து, பெரிய பையன்களைச் சின்னவர்களுக்குச் சொல்லித்தர வைத்தார். 1797-ல் லண்டனில் அதைப் பற்றி எழுதினார். 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில் இங்கிலாந்துப் பள்ளிகளில் அது பரவியது.

"சைக்கிள் வாங்கித் தர்றேன்!"

ஆர்வத்தை விலைக்கு வாங்க முடியுமா? 1973-ல் லெப்பர் என்பவரும் நண்பர்களும், படம் வரைவதில் பிரியமுள்ள குழந்தைகளில் சிலரிடம், "வரைந்தால் பரிசு" என்று முன்கூட்டியே சொல்லிக் கொடுத்தார்கள். சில நாள் கழித்துப் பார்த்தால், அந்தக் குழந்தைகள் மற்றவர்களைவிடக் குறைவாகவே வரைந்தார்கள். விளையாட்டு வேலையாகிவிட்டது!

டெசி, ரயான் என்ற அறிஞர்கள் மனம் ஊன்றிப் படிக்க மூன்று தேவை என்கிறார்கள்: நானே தேர்ந்து செய்கிறேன் என்ற சுதந்திரம், என்னால் முடியும் என்ற தெம்பு, என்னை நேசிக்கும் மனிதர்கள். கும்மிடிப்பூண்டி கம்பெனியில் ஷிஃப்ட் முடித்துக் களைத்து வரும் அப்பாக்களே! "எத்தனை மார்க்கு?" என்று ஆரம்பிக்காதீர்கள். "இன்னைக்கு என்ன கத்துக்கிட்டே? எனக்கும் சொல்லு" என்று கேளுங்கள். பிள்ளைக்குப் பாடமும் பதியும், பாசமும் பதியும்.

'மக்கு' என்பதற்கு முன்

கரும்பலகை மங்கலாகத் தெரிகிறதா? காது சரியாகக் கேட்கிறதா? ரத்தசோகை, குடற்பூச்சி உண்டா? எழுத்துக்கள் குழம்புகின்றனவா? முதலில் பரிசோதியுங்கள். கண்ணாடி போட வேண்டிய பிள்ளைக்கு அடி கொடுப்பது எந்த நியாயம்?

வீட்டில் செய்ய வேண்டியவை:

1. அன்றைய பாடத்தை இரவில் பார்க்காமல் சொல்லச் சொல்லுங்கள். மறுநாள், மூன்றாம் நாள், அடுத்த வாரம் மறுபடி கேளுங்கள்.

2. எந்தப் பாடம் முதலில் என்பதை அவர்களே முடிவு செய்யட்டும்.

3. "நீ புத்திசாலி" என்பதைவிட, "அந்தக் கணக்கை விடாம போட்டியே" என்று முயற்சியைப் பாராட்டுங்கள்.

4. தூக்கத்தைப் பிடுங்காதீர்கள். படித்தது உறுதிப்படுவது தூக்கத்தில்தான்.

பிள்ளை சாப்பிடாமல், தூங்காமல், யாரோடும் பேசாமல் ஒதுங்கினாலோ, "நான் இருந்து என்ன பிரயோஜனம்" என்று சொன்னாலோ அலட்சியம் வேண்டாம். உடனே மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். 14416 என்ற இலவச மனநல உதவி எண்ணிலும் பேசலாம். மார்க்கு அடுத்த பரீட்சையிலும் வரும், பிள்ளை அப்படியா?