தவறணை தெரியுமா? ரோமில் இருந்து யாழ்ப்பாணம் வந்த சொல்!

விளாத்திகுளத்தில் ‘அண்ணாச்சி கடைக்குப் போயிருக்காரு’ என்றால், மளிகைக் கடையா, டாஸ்மாக்கா? நேரத்தைப் பார்த்துதான் புரிஞ்சுக்கணும். லத்தீன் சொல்லான ‘தபெர்னா’வும் இப்படித்தான். ரோமானியர்களுக்கு அது குடிசை, ரொட்டிக்கடை, ஒயின் கடை எல்லாமே. அதுதான் ஆங்கிலத்தில் ‘டேவர்ன்’, போர்த்துகீசிய மொழியில் ‘தவெர்னா’.

1619 முதல் 1658 வரை யாழ்ப்பாணத்தை ஆண்டவர்கள் போர்த்துகீசியர்கள். அவர்கள் மொழி வழியே வந்த அந்தச் சொல், ஈழத்தமிழில் ‘தவறணை’. அதாவது கள்ளுக்கடை. அங்கே பனங்கள் இன்றும் உரிமத்துடன் விற்கப்படுகிறது.

விளாத்திகுளம் வட்டத்தில் உள்ள வேம்பாரிலும் பனைதான் பிழைப்பு. ஆனால் தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை. பனையேறிகளுக்குப் பதநீரும் கருப்பட்டியும் வருமானம். 2003 முதல் மதுவைச் சில்லறையில் விற்பது அரசின் டாஸ்மாக். ‘கடை’ன்னா இப்போ அதுதான்!