ஏப்பத்துக்கு மருந்து

பசு ஏப்பம் விடுவது குற்றமென்று சோழபுரத்துக் குடியானவர் எவரும் இதுவரை எண்ணியதில்லை. மேனாட்டு விஞ்ஞானிகளோ அதனையே குற்றமென்கின்றனர். அசைபோடும் மாட்டின் முதல் இரைப்பையில் தீனி புளிக்கும்போது எழும் ஹைட்ரஜனை, அங்கு வாழும் நுண்ணுயிர்கள் கரியமில வாயுவோடு சேர்த்து மீதேன் ஆக்குகின்றன. நூறாண்டுக் கணக்கில் அது கரியமில வாயுவைப்போல் சுமார் 27 மடங்கு பூமியைச் சூடாக்கும். தீனியின் சத்தில் ஒரு பங்கும் அதனோடு வீணாகிறது. இவ்வளவும் மெய், மறுப்பதற்கில்லை.

பரிகாரம் யார் தலையில் என்பதே கேள்வி. டென்மார்க் தேசத்துச் சர்க்கார் பெரிய பண்ணைகளுக்கு மீதேன் குறைக்கும் தீனியை 2025-ஆம் வருஷம் கட்டாயமாக்கினர். ‘போவேர்’ என்னும் மருந்து குறித்த அளவில் பசுவுக்கும் பால் குடிப்போருக்கும் தீங்கற்றதென்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்புச் சபை 2021-இல் கூறியிருந்தது. ஆயினும் சட்டம் வந்தபின், பசுக்கள் தீனி மறுத்தன, பால் குறைந்தது என்று பண்ணையாளர் பலர் முறையிட்டனர். சோதனைச்சாலை ஒன்று சொல்ல, கொட்டிலில் நிற்பவன் வேறு சொன்னான்.

நம் தேசத்திலும் முயற்சி உண்டு. பெங்களூரிலுள்ள தேசியக் கால்நடை ஊட்டச்சத்து நிலையத்தார் துவர்ப்புச் சத்து மிகுந்த செடிப்பொருள்களால் ‘ஹரித் தாரா’ என்னும் தீனிச் சேர்க்கையைச் செய்தனர். மீதேன் 17 முதல் 20 சதவீதம் குறையுமென்பது அவர்கள் கணக்கு. அதற்கு முந்திய ‘டமரின் பிளஸ்’ புளியங்கொட்டைத் தோலைக் கொண்டது. நம் சாலையோரத்துப் புளிக்கு இப்படியொரு யோகம்! ஆனால் துவர்ப்பு மிஞ்சினால் தீனியின் புரதத்தைக் கட்டிப்போடும், மாடு இளைக்கும்.

இங்கு ஒன்றிரண்டு மாடு வைத்திருப்பவனுக்குக் கொழுப்பையும் இதர சத்தையும் அளந்தே பாலுக்கு விலை. பக்கத்து ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பாலின் சத்துக் குறைந்தால் அதனை முதலில் சொல்வது அடுப்புத்தான். அன்றியும், வெறும் வைக்கோல் தின்று சொற்பமாய்க் கறக்கும் பசுவே லிட்டர்க் கணக்கில் அதிக மீதேன் விடுகிறது. பசும்புல்லும் பிண்ணாக்கும் பருத்திக்கொட்டையும் அதற்கு முதல் மருந்து.

2021-இல் கிளாஸ்கோவில் மீதேன் உறுதிமொழியில் இந்திய சர்க்கார் சேராதது தகும் என்பதே நம் கருத்து. இனி இச்சேர்க்கையை நம் கிராமங்களுக்குக் கொணர்வதாயின், சர்க்கார் செலவிலேயே கோடையிலும் மாரியிலும் சோதித்து, பாலளவையும் கொழுப்பையும் மாடு ஈனும் இடைவெளியையும் தமிழில் வெளியிடட்டும். கறவை குறைந்தால் நஷ்டஈடு யார் தருவரென்பதையும் முன்னதாகவே எழுதிவைக்கட்டும்.