மந்தமாய் ஓடும் மின் எஞ்சினுக்கு நாடி பார்த்தல்

விளையாட்டுப் பொருள் என்றதும் அதனைச் சிறுவர்க்கே உரியதென ஒதுக்கிவிடுதல் நம்மவரிடையே நெடுநாளாய் உள்ள வழக்கம். மின்சாரத்தால் ஓடும் மாதிரிப் புகையிரத எஞ்சினை அவ்வாறு ஒதுக்குதல் பொருந்தாது. உள்ளங்கையில் அடங்கும் அவ்வெஞ்சினுள் காந்தம் உண்டு, செப்புச் சுருள் உண்டு, காபன் தூரிகை உண்டு, பற்சில்லு உண்டு. பௌதிகப் பாடநூலின் ஓர் அத்தியாயம் முழுவதும் அதனுள்ளே சுழன்றுகொண்டிருக்கிறது எனலாம். அவ்வெஞ்சின் மந்தமாய் ஓடத் தொடங்கினால் அதன் காரணத்தை முறையாகக் கண்டறிவது எங்ஙனம் என்பதே ஈண்டு நாம் கூறப்புகுவது.

கொழும்பில் வாழும் நமக்கு இவ்வகை மோட்டார் புதியதன்று. வெள்ளவத்தையிற் கடலோரமாய்ச் செல்லும் பாதையில் ஓடிய எம்2 வகை எஞ்சின்களை நம்முட் பலர் அறிவர். கொழும்புத் திட்ட உதவியோடு 1954 முதல் கனடாவிலிருந்து வந்தவை அவை. அவற்றில் டீசல் இயந்திரம் சில்லுகளை நேரே சுழற்றுவதில்லை; அது மின்பிறப்பாக்கியைச் சுழற்ற, அங்குப் பிறக்கும் நேரோட்டமே அச்சுகளோடு பொருந்திய மோட்டார்களை இயக்குகிறது. கொட்டாஞ்சேனைக்கு அயலான கிராண்ட்பாசுக்கும் மறுபுறம் பொறளைக்கும் கோட்டையிலிருந்து ஓடி, 1960 இல் நிறுத்தப்பட்ட திராம் வண்டிகளும் நேரோட்ட மோட்டார் கொண்டவையே. மேலேயுள்ள கம்பியால் வந்த மின்னோட்டம் கீழேயுள்ள தண்டவாளத்தின் வழியே திரும்பிச் சென்றது. மேசைமீது ஓடும் சிற்றெஞ்சினும் இக்குலத்தைச் சேர்ந்ததே. அளவிற் சிறிது, நியதி ஒன்றே.

இவ்விடயத்தை வேடிக்கையாகக் கொள்ளாது எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில் 1938 இல் தோன்றிய ஹோர்ன்பி டப்லோ வகை எஞ்சின்கள் 12 வோல்ற்று நேரோட்டத்தில் ஓடுபவை. அவற்றின் உற்பத்தி 1964 இல் முடிவுற்றது. அக்காலத்து எஞ்சின் ஒன்று இன்று நம் வீட்டு அலுமாரியில் இருக்குமாயின் அதற்கு ஈடு கடையில் இல்லை. 1983 ஆடியில் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் தமிழர் வீடுகள் பல எரிந்தன என்பதை நினைத்தால், தந்தையோ பாட்டனோ வாங்கிய பொருளொன்று எஞ்சியிருத்தலே அரிது என்பது விளங்கும். அத்தகைய எஞ்சினை, “மோட்டார் பழுது” என்று முடிவு கட்டி அவசரப்பட்டுத் திறந்தால் நேர்வது யாது? பழைய மோட்டார்கள் பலவற்றில், காந்தத்தின் முனைகளுக்கிடையே சுழலும் ஆமேச்சரை வெளியே எடுத்த மாத்திரத்தில் காந்தம் தன் வலிமையிற் பெரும் பங்கை இழந்துவிடும். நலமாயிருந்த உறுப்பு அன்றே நோயுறும். ஆதலின் நாம் வற்புறுத்தும் விதி ஒன்றே: திறக்குமுன் அளந்து பார்க்க. நாடி பாராது மருந்து கொடுக்கும் வைத்தியனை எவரும் நாடார்.

எஞ்சினின் நாடி யாதெனின், அதனுட் பாயும் மின்னோட்டமே. இதனை உணரச் சிறிது கணக்கு வேண்டும். மோட்டார் சுழலும்போது அதுவே ஒரு மின்பிறப்பாக்கியாகவும் தொழிற்பட்டு, தனக்கு ஊட்டப்படும் வோல்ற்றளவை எதிர்க்கும் ஒரு விசையை உண்டாக்குகிறது. இதனைப் பின் மின்னியக்க விசை என்பர். காந்தத்தின் வலிமை மாறாதிருக்கும்வரை, எஞ்சினின் வேகம் இவ்விசைக்கு நேர்விகித சமமாகும். சுருளின் தடை 8 ஓம் எனவும், ஓடும்போது 0.5 அம்பியர் பாய்கிறது எனவும் கொள்வோம். சுருளில் 4 வோல்ற்று வீழ்கிறது. 12 வோல்ற்றில் எஞ்சிய 8 வோல்ற்றே வேகமாய் வெளிப்படுகிறது.

இனித் தண்டவாளத்தில் அழுக்குப் படிந்து, வழியில் மேலும் 8 ஓம் தடை சேர்ந்தது எனக் கொள்க. சுமை மாறாமையால் அதே 0.5 அம்பியரே பாயும். அழுக்கில் 4 வோல்ற்று, சுருளில் 4 வோல்ற்று போக, எஞ்சுவது 4 வோல்ற்று. வேகம் பாதியாயிற்று. மற்றோர் எஞ்சினில் வழி தூயது. ஆயின் அச்சில் எண்ணெய் உறைந்து உராய்வு மிகுந்து, சுமை இருமடங்காயிற்று. இப்போது 1 அம்பியர் பாயும். சுருளிலேயே 8 வோல்ற்று வீழும். எஞ்சுவது மீண்டும் 4 வோல்ற்றே. இங்கும் வேகம் பாதி. கண்ணாற் பார்ப்பவனுக்கு இரண்டும் ஒரே நோய். அம்பியர்மானியாற் பார்ப்பவனுக்கோ ஒன்று அரை அம்பியர். மற்றையது ஓர் அம்பியர். அன்றியும், பின்னதில் சுருளிற் பிறக்கும் வெப்பம் 2 உவாற்றிலிருந்து 8 உவாற்றாக, நான்கு மடங்காகிறது. முன்னதைப் பொறுத்திருக்கலாம், பின்னதைப் பொறுத்திருந்தால் சுருள் கருகும்.

காந்தம் தளர்ந்த எஞ்சினின் குணம் வேறு. தனியே ஓடவிட்டால் அது மந்தமாய் ஓடுவதில்லை. சில வேளை முன்னிலும் விரைந்து ஓடும். ஆயின் மின்னோட்டத்தை மிகுதியாய் உண்ணும், விரைவிற் சூடேறும், பெட்டிகளைப் பூட்டியதும் தளர்ந்து நின்றுவிடும். “தனியே ஓடும், இழுக்கமாட்டாது” என்று ஒருவர் சொன்னால், சில்லுகள் வழுக்கவில்லை என்பதை உறுதிப்படுத்திக்கொண்டு காந்தத்தை ஐயுறுக.

அளக்கும் வகை எளிது. பாடசாலை ஆய்வுகூடங்களில் உள்ள பல்மானியே போதும். கட்டுப்பாட்டுக் கருவியிலிருந்து தண்டவாளத்துக்குச் செல்லும் இரு கம்பிகளுள் ஒன்றை அறுத்தாற்போல் நிறுத்தி, அவ்விடத்திற் பல்மானியை அம்பியர் நிலையில், பெரிய வீச்சில் வைத்துத் தொடராக இணைக்கவேண்டும். தண்டவாளங்கள் இரண்டுக்கும் குறுக்கே அம்பியர்மானியை இணைத்தல் ஆகாது, அது குறுஞ்சுற்றாகும். பழைய திறந்த மோட்டார் எஞ்சின், பெட்டியின்றி ஓடுகையில் ஏறக்குறைய 0.3 முதல் 0.6 அம்பியர் வரை கொள்ளும். இக்காலத்து மூடிய உருளை மோட்டார்கள் பெரும்பாலும் 0.2 அம்பியருக்குக் குறைவாகவே கொள்ளும். எஞ்சின் நலமாயிருக்கும்போதே அதன் அளவைக் குறித்துவைத்தல் அறிவுடைமை.

அளப்பதற்கு முன் நான்கு வினாக்களை எழுப்புக. எல்லா எஞ்சின்களும் எங்கும் மந்தமா? குறை மின் வழங்கலில். எல்லா எஞ்சின்களும் ஓரிடத்தில் மட்டும் மந்தமா? குறை தண்டவாளத்தில். ஓர் எஞ்சின் மட்டும் எங்கும் மந்தமா? குறை அவ்வெஞ்சினுள். தொடக்கத்தில் நன்றாய் ஓடிப் பத்து நிமிடத்தில் தளர்கிறதா? வெப்பத்தை ஆராய்க, செப்பின் தடை ஒவ்வொரு பாகை செல்சியசுக்கும் ஏறக்குறைய 0.4 சதவீதம் கூடும் ஆதலின், 50 பாகை சூடேறிய சுருளின் தடை ஐந்திலொரு பங்கு மிகுந்துவிடும்.

மின் வழங்கலில் முதலிற் பார்க்கவேண்டியது சீராக்கி. பழைய கட்டுப்பாட்டுக் கருவிகளில் செலனியச் சீராக்கிகள் இருந்தன. அவை வயதாக ஆகத் தடை மிகுந்து, வெறுமனே அளந்தால் 12 வோல்ற்றுக் காட்டி, எஞ்சின் ஓடத் தொடங்கியதும் வீழ்ந்துவிடும். ஆதலின் எஞ்சின் ஓடும்போதே வோல்ற்றளவை அளக்கவேண்டும். கருவியின் உள்ளே 230 வோல்ற்று இருத்தலையும், பழைய இறப்பர்க் கம்பியுறைகள் உக்கிப்போயிருத்தலையும் மறவற்க. மாணவர் அதனைத் திறத்தல் கூடாது. தகுதியுடைய மின்வினைஞரிடமே கொடுக்கவேண்டும். இன்னொன்று: இக்கால எஞ்சின்கள் சிலவற்றில் இலக்கமுறைக் கட்டளைக்குரிய இலத்திரனியல் தகடு உண்டு. அவை பழைய நேரோட்டக் கருவியிற் பிந்திப் புறப்பட்டு மெல்ல ஓடுதல் இயல்பே, நோயன்று.

அடுத்தது தண்டவாளம். வெள்ளவத்தையிற் கடற்காற்று உப்பைச் சுமந்து வருகிறது. யன்னற் கம்பி துருப்பிடிக்கும் வீட்டிலே தண்டவாளம் மட்டும் தப்புமா? உப்பு காற்றின் ஈரத்தை ஈர்க்க, உருக்குத் தண்டவாளம் விரைவில் துருவேறும். நிக்கல் கலந்த தண்டவாளத்திலும் எண்ணெயும் தூசியும் கூடிக் கரிய படலமாகும். கொட்டாஞ்சேனையில் துறைமுகக் காற்றோடு தெருப்புழுதியும் சேர்கிறது. மருந்துக்கடையிற் கிடைக்கும் ஐசோபுறொப்பைல் மதுசாரத்தில் நூல் உதிராத துணியைத் தோய்த்துத் துடைத்தால் படலம் நீங்கும். தீச்சுடர் அருகில் இருத்தலாகாது. அரத்தாள் கொண்டு தேய்ப்போர் உளர். அத்தாள் விடும் கீறல்களே பின்னர் அழுக்குக்கு உறைவிடமாகும். தண்டவாளத் துண்டுகளைப் பொருத்தும் சிறு தகடுகள் தளர்ந்தாலும் தடை மிகும். மின் நுழையும் இடத்திலிருந்து தொலைவு செல்லச் செல்ல எஞ்சின் தளர்வது அதற்கு அறிகுறி. தகடுகளை இறுக்குக, வட்டம் பெரிதாயின் மறுமுனையிலும் ஒரு சோடிக் கம்பி இணைக்க.

மூன்றாவது எஞ்சின். சில்லுகளைத் துடைத்தபின், மோட்டாரைக் கழற்றாமலே எட்டக்கூடிய திசைமாற்றியைப் பார்க்கவேண்டும். செப்புத் துண்டுகளாலான அவ்வுருளைமீது எண்ணெய் பட்டால், காபன் தூளோடு குழைந்து கரும்பசையாகி, துண்டுகளுக்கிடையே உள்ள பிளவுகளை நிரப்பும். அப்போது மின்னோட்டம் குறுக்கு வழியிற் சென்று, மானி மிகுந்த அளவைக் காட்டும். பிளவுகளைத் துப்புரவாக்க ஊசி வேண்டா. நம் முற்றத்துத் தென்னை ஈர்க்கே சிறந்தது. அது செப்பைக் கீறாது. தூரிகை தேய்ந்து குறுகியிருந்தாலோ, அதன் சுருள்வில் சூட்டினாற் சோர்ந்திருந்தாலோ மாற்றுக. வில்லை அளவுக்கு மிஞ்சி இறுக்கினால் அதுவே தடுப்புக் கட்டையாகும்.

மானி மிகுந்த மின்னோட்டத்தைக் காட்டி, திசைமாற்றியும் தூய்மையாயிருந்தால், உராய்வைத் தேடுக. அச்சுகளிற் சுற்றிய தலைமயிரையும் கம்பள நூலையும் சாமணத்தால் எடுக்கவேண்டும். தேங்காயெண்ணெய் இட்டிருந்தால் அது நாளடைவிற் பிசினாய் உறைந்திருக்கும். அதனை முற்றாய் நீக்கி, தையல் இயந்திர எண்ணெயை ஊசி முனையால் ஒவ்வோர் அச்சுத் தாங்கிக்கும் ஒரு துளி இடுக. இரண்டு துளி நன்மையை இரட்டிப்பாக்காது. மிகுதி திசைமாற்றியையே சென்றடையும். சில்லு ஒரு சுற்றுக்கு ஒருமுறை தடைப்பட்டுச் சென்றால், வளைந்த இணைப்புத் தண்டையோ வெடித்த பிளாத்திக்குப் பற்சில்லையோ ஐயுறுக. முன்னோக்கி நன்றாயும் பின்னோக்கி மந்தமாயும் ஓடினால், ஆமேச்சர் அச்சின் ஒரு பக்கத் தாங்கி தேய்ந்திருக்கலாம். திருகுப் பற்சில்லு அவ்வச்சை ஒவ்வொரு திசைக்கும் ஒவ்வொரு பக்கமாகத் தள்ளுவதே காரணம். மிகப் பழைய எஞ்சின்களில், ஈயங் கலந்த நாக வார்ப்புச் சட்டம் ஈரத்தால் வீங்கி வெடித்து அச்சுகளை நெரிப்பதும் உண்டு. அதற்கு மருந்தில்லை, சட்டத்தை மாற்றுவதே வழி.

இவை யாவும் பொய்த்த பின்னரே காந்தத்தின்பாற் செல்லவேண்டும். ஆமேச்சரை எடுத்தே தீரவேண்டுமாயின், அது வெளிவரும்போதே காந்த முனைகளை இணைக்கும் மெல்லிரும்புத் துண்டு ஒன்று அதன் இடத்தைப் பற்றிக்கொள்ளவேண்டும். ஏற்கனவே தளர்ந்த காந்தத்தை மீளக் காந்தமாக்கும் கருவியுடையார் உளர், அவர்களிடம் கொடுக்கலாம்.

இளைய மாணவர்க்கு நாம் சொல்ல விழைவது இதுவே. மந்தமென்பது ஒரு தோற்றம். அதன் காரணங்கள் பல. தோற்றம் ஒன்றாயிருத்தலாற் காரணமும் ஒன்றெனத் துணிவது அறிவியலாகாது. வெளியிலிருந்து உள்ளே, எளியதிலிருந்து அரியதற்கு, மீளக் கூடியதிலிருந்து மீள முடியாததற்கு என்னும் வரிசையைக் கைக்கொண்டால், நூறு ரூபாயும் செலவின்றிப் பல எஞ்சின்கள் மீண்டும் ஓடும். பழைய மாணவராகிய அன்பர்கள் தத்தம் அலுமாரிகளில் உறங்கும் எஞ்சின்களைக் கல்லூரி விஞ்ஞான மன்றத்தாரிடம் ஒருநாள் கொணர்வாராயின், மாணவர் கையில் அம்பியர்மானியும் ஈர்க்கும் துணியும் ஆயத்தமாய் இருத்தல் வேண்டும். பாட்டன் வாங்கிய எஞ்சினைப் பேரன் பழுதின்றிப் பேரப்பிள்ளைக்கு அளித்தல், அறிவும் பொறுமையும் ஒருங்கே உடையார்க்கு எளிதேயாம்.